கருவாட்டு வாசத்துக்கு வந்த கரடி

மூக்கைப் பொத்துதியளே தம்பி, அவ்வளவு நாத்தமா? சன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிடுங்க, காத்து வந்தாச் சரியாப் போயிரும். பெட்டியை டிக்கியில போடச் சொல்லி கண்டக்டரும் சொல்லத்தான் செஞ்சாரு. நான் மாட்டேன்னுட்டேன். நயம் சாளைக் கருவாடு. மதுரையில ஒரு வக்கீலைப் பாக்கப் போறேன், வெறுங்கையோட போக முடியாதுல்லா. நீங்க மூக்கைப் பொத்துதிய. இதே வாசத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மிருகம் கடலை நீந்தி வந்துச்சுன்னா நம்புவியளா? வெள்ளைக் கரடி. டிவியில காட்டுதானுவளே பனிக்கரடி, அதேதான்.

மதுரை போய்ச் சேர நேரம் கெடக்கு. கேளுங்க. கேட்டுட்டு எம்மேல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க. வக்கீலுகிட்டச் சொல்லுததுக்கு முன்னால ஒரு தடவை கோர்வையாச் சொல்லிப் பாத்தாப்புலயும் இருக்கும்.

எம்பேரு தொபியாஸ். தூத்துக்குடி. கப்பல்ல கிச்சன்ல வேலை பாத்தேன். குக்குன்னு நெனச்சிராதிய. தட்டு கழுவணும், கெழங்கு தோலெடுக்கணும், தரை துடைக்கணும், குப்பையைக் கொண்டு கொட்டணும், அதான் என் வேலை. குக்குன்னா வேற. வெள்ளைத் தொப்பி, தனி ரூமு, மேல இருக்கவன்கூட தோள்ல கை போட்டுப் பேசுவான். அந்தத் தொப்பிக்காக எத்தனை வருசம் ஏங்கியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டி தெரசாள், 'எங்க வீட்டுக்காரவிய கப்பல்ல குக்கு'ன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவளைப் பொய்க்காரி ஆக்கிரக் கூடாதுல்லா.

இது சரக்குக் கப்பல் இல்ல, டூரிஸ்ட் கப்பல். நார்வேக்கும் வடக்க, அதுக்கும் வடக்க, மனுசன் குடியிருக்காத தீவுகளாப் பாத்துப் போவும். கோடையில அங்க சூரியன் அடையவே அடையாது. வாரதெல்லாம் வெள்ளைக்காரக் கெழடுங்க, கொஞ்சம் சீனாக்காரங்க. எல்லாருக்கும் ஒரே ஆசைதான், சாவுததுக்கு முன்னால கரடியைப் பாத்துரணும். யாரு சாவுததுக்கு முன்னாலன்னு கேக்காதிய. கெழடுங்களுக்கும் வயசாயிட்டு, கரடியும் இன்னும் கொஞ்ச காலந்தான்னு சொல்லுதாவ. ரெண்டுல எது முந்துமோன்னு ஓடி வாராவ.

எங்க மேனேஜரு மென்டோன்சா சாரு, கோவாக்காரரு. சாப்பாடு, ரூமு, பயணிகளோட சொகம் எல்லாம் அவரு பொறுப்பு. அந்த வருசம் அவருக்குக் கெட்ட காலம். கப்பலு ஒரு வாரம் சுத்துது, கரடி கண்ணுலயே படல. பனி பின்வாங்கி எங்கயோ போயிட்டாம். பயணிகளு சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டு மூஞ்சியைத் தூக்குதாவ. சூப்பு ஆறிப் போச்சுன்னு சண்டைக்கு வாராவ. சூப்பு கொதிக்கக் கொதிக்கத்தான் போச்சு, நான்தான் தூக்கிக் குடுத்தேன். கோவம் சூப்பு மேல இல்ல.

இன்னொரு ஆளு இங்க்ரிட். பொம்பள. வழிகாட்டி. தோள்ல எந்நேரமும் துப்பாக்கி கெடக்கும், கரடி மனுசன் மேல பாஞ்சாச் சுடுததுக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் ஹால்ல படம் போட்டுப் பேசுவா. நான் காப்பிக் கோப்பை பொறுக்கும்போது காதுல விழும். கடலு உறைஞ்சு கெடந்தாத்தான் கரடிக்குப் பொழப்பாம். அந்தப் பனி மேல நின்னுதான் அது கடல்நாயைப் பிடிச்சுத் தின்னும். இப்ப உலகம் சூடாகி, பனி வெள்ளனே உருகிருது. கரடி தீவுல மாட்டிக்கிடுது. அடுத்த பனி வார வரைக்கும் ஒடம்புல இருக்க கொழுப்பை வச்சுத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். நடந்தாலும் நீந்துனாலும் அந்தக் கொழுப்புத்தான் கரையுமாம். இப்படி அவ சொல்லுவா, எல்லாரும் உச்சுக் கொட்டுவாவ. உச்சுக் கொட்டிட்டு, 'நாளைக்காவது கரடி காட்டுவியளா?'ம்பாவ.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஜூலை இருபத்தாறு. எங்க ஊருல பனிமய மாதா கோயில் கொடியேத்தம். தூத்துக்குடிக்காரன் உலகத்துல எந்த மூலையில கெடந்தாலும் அன்னைக்கு மனசு கோயில் வாசல்லதான் நிக்கும். தெரசாள் போன்ல கொடியைக் காட்டுதா, சிக்னல் விட்டு விட்டு வருது, கொடி பாதிக் கம்பத்துலயே நிக்குது. பனி மாதா ஊர்க்காரன் நான் பனி தேசத்துக்கே வந்து கெடக்கேன், வெளிய எட்டிப் பாத்தா கருங்கல்லும் சேறுமா இருக்கு. எனக்கு அழுகை வந்துட்டு. பெட்டியைத் திறந்து தெரசாள் கட்டிக் குடுத்த கருவாட்டு டின்னை எடுத்தேன்.

கிச்சன்ல பொரிக்க விட மாட்டானுவ. நாத்தமாம். அவனுவ திங்குத பாலாடைக்கட்டி மணக்குதாக்கும். கப்பலுக்குப் பின்பக்கம், குப்பை அடுக்கி வைக்க இடத்துல, கரண்டு அடுப்பை வச்சேன். லாண்டரியில தங்கசாமின்னு ஒரு நாகர்கோயில்காரன், அவனும் சோத்துச் சட்டியோட வந்துட்டான். மஞ்சப்பொடி, மொளகாப்பொடி தடவி எண்ணெய்யில போட்டேன். காத்து கரையைப் பாத்து அடிக்குது. ரெண்டு பேரும் வயிறாரத் தின்னோம்.

தின்னுக்கிட்டு இருக்கும்போதே தங்கசாமி கையைக் காட்டுதான். தண்ணியில ஒரு வெள்ளைத் தலை. அதுக்குப் பின்னாலயே சின்னதா இன்னொரு தலை. எங்கயோ தூரத்துக் கரையில இருந்து, தாயும் குட்டியுமா நேரா எங்களைப் பாத்து நீந்தி வருது. பக்கத்துல ஒரு கல்லுத் திட்டு இருந்துச்சு. தாயி அதுல ஏறி நின்னு மூக்கைத் தூக்கித் தூக்கிப் பாக்குது. பெரியண்ணன் சட்டையைத் தம்பி போட்டாப்புல தோலு தொங்குது. அந்தக் கோலத்துலயும் ஒரு அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

கப்பலே ஒரு பக்கமாச் சாஞ்சிரும்போல இருந்துச்சு, அவ்வளவு பேரும் அந்தப் பக்கம் வந்துட்டாவ. கேமரா சத்தந்தான். ஒரு அமெரிக்கக் கெழவி, 'ஐயோ எப்படி மெலிஞ்சு போச்சு'ன்னு தேம்பித் தேம்பி அழுதா. அழுதுக்கிட்டே படம் எடுத்தா. கரடி ரொம்ப நேரம் நின்னுச்சு. பொறவு ஒண்ணும் கெடைக்கலன்னதும் குட்டியைக் கூட்டிக்கிட்டு வந்த வழியே நீந்திப் போச்சு. அன்னைக்குச் சூப்பு ஆறிப் போச்சுன்னு ஒரு பயலும் சொல்லல.

இங்க்ரிட் மோப்பம் பிடிச்சுக்கிட்டே பின்பக்கம் வந்துட்டா. 'என்னத்தப் பொரிச்ச?'ன்னா. மீனுன்னேன். இதுக்கு மேல பொரிக்கக் கூடாது, கரடியை வாசம் காட்டி இழுக்கது சட்டப்படி குத்தம், குட்டியோட இருக்கது, அதை அலைய விட்டா ரெண்டும் செத்துரும்னா. சரி மேடம்னேன். மரியாதைக்கு ஒரு துண்டு நீட்டுனேன் தம்பி. தொடல. எங்க வீட்டுப் பண்டத்தை மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னுட்டா. அதை இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல.

மென்டோன்சா சாரு அப்படி இல்ல. மறுநாளு கூப்பிட்டு தோள்ல கை போட்டாரு. 'தொபி, அது என்ன மீனு?'ன்னாரு. சொன்னேன். 'எவ்வளவு வச்சிருக்க?'ன்னாரு. ஒரு பெரிய டின்னு, சீசன் முழுக்க வரும்னேன். சிரிச்சாரு. அடுத்த ட்ரிப்புல இங்க்ரிட் முன்பக்கம் பைனாகுலர் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் பின்பக்கம் அடுப்பைப் போடணும், யாரும் கேட்டா ஊழியர்களுக்குச் சாப்பாடுன்னு சொல்லணும். சீசன் முடியும்போது தொப்பி எனக்குத்தான்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு.

பொறவு ஒவ்வொரு ட்ரிப்பும் அதே தீவு. நான் சட்டியைப் போடுவேன், அது நீந்தி வரும். பனியில்லாத இடத்துல மாட்டிக்கிட்ட கரடி, வேற எங்க போவும்? ஒண்ணு நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு நான் தண்ணியில போட்டது கெடையாது. சத்தியம். தீனி போட்டாத்தான குத்தம்? நான் பொரிச்சது எனக்கு. வாசம் காத்துல போச்சுன்னா அது காத்தோட சமாச்சாரம். தங்கசாமி ஒரு தடவை, 'பாவமா இருக்குல, தலையையாவது தூக்கிப் போடு'ன்னான். ஏம்ல, என்னை ஜெயில்ல தள்ளப் பாக்கியான்னு ஒரு அதட்டு அதட்டுனேன். அதுக்குப் பொறவு அவன் சாப்பிட வரல. எனக்குத்தான் லாபம்.

மெலிவுன்னா அப்படி ஒரு மெலிவு. முதல்ல குட்டி பக்கத்துல நீந்தி வரும். பொறவு பொறவு தாயி முதுகுல ஏறிப் படுத்துக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டு. பயணிகளுக்குக் கொண்டாட்டம், அந்தப் படத்துக்கு எங்கயோ பரிசுகூடக் கெடைச்சுதாம். இங்க்ரிட்டு ஹால்ல நின்னுக்கிட்டு, 'இதே தாய் திரும்பத் திரும்பக் கப்பலைத் தேடி வருது, ஏன்னு எனக்குப் புரியல'ன்னு சொல்லும்போது என்னையே பாத்தா. நான் கோப்பை பொறுக்கிக்கிட்டு இருந்தேன். தனியாப் பிடிச்சு, 'நீ இன்னும் பொரிக்கியா?'ன்னும் கேட்டா. இல்ல மேடம்னேன். நான் சொன்னதும் நம்பிட்டா.

கடைசி ட்ரிப்பு. மென்டோன்சா சாரு அன்னைக்கு ரொம்ப சந்தோசமா, தொப்பியைக் கையில குடுத்துட்டாரு. பயணிகளை ரப்பர் படகுல கூட்டிட்டுப் போய்த் தீவுல இறக்குவாவ. அங்க மேசை போட்டு சுடச்சுட சாக்லேட்டுப் பால் குடுக்கணும். 'தொபி, நீ போ, கரையில நின்னு ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு'ன்னாரு. அத்தனை வருசத்துல ஒரு நாளு நான் கரையில கால் வச்சது கெடையாது தம்பி. தொப்பியை மாட்டிக்கிட்டு, கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். சீசன் முழுக்கப் பின்பக்கம் குளிருல நின்னு பொரிச்சதும் அதே ஜாக்கெட்டுதான். வேற கெடையாது. துவைக்கப் போட்டா காய நாளாவும்.

இங்க்ரிட்டு சுத்திப் பாத்துட்டுத்தான் எங்களை இறக்குனா. லேசா மூடுபனி. எல்லாரும் வரிசையா நின்னு பால் வாங்குதாவ, நான் படத்துக்கு நின்னேன். அப்பந்தான் பாறைக்குப் பின்னால இருந்து அது வந்துச்சு. ஓடி வரல. மெல்ல, மூக்கைத் தூக்கிக்கிட்டு, நடந்து வருது. இங்க்ரிட்டு எல்லாரையும் தனக்குப் பின்னால இழுத்துக்கிட்டு மேல பாத்து வேட்டு விட்டா. திரும்பல. ரெண்டாவதும் விட்டா. திரும்பல. அத்தனை வெள்ளைக்காரனும் ஒரு பக்கமா நிக்கான், கொழுகொழுன்னு. ஒருத்தனைக்கூட அது பாக்கல. என்னைப் பாத்து வருது.

அவளுக்கு அப்பத்தான் வெளங்கியிருக்கு. 'ஜாக்கெட்டைக் கழட்டி எறி'ன்னு கத்துதா. 'எறிஞ்சுட்டு எங்கிட்ட வா, அது ஜாக்கெட்டைத்தான் கேக்குது'ங்கா. நான் எதுக்குக் கழட்டணும்? அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் கழட்டி எறிஞ்சு, கரடி அதைப் போய் மோந்துச்சுன்னா, ஆகமொத்தம் தப்பு எம்பேருலன்னு ஆயிராதா? தொப்பி கெடைச்ச அன்னைக்கேவா? நான் அசையல. மேசைக்குப் பின்னால சிலுவை போட்டுக்கிட்டு நின்னுட்டேன். மறுபடியும் கத்துனா. கரடி மேசைக்கு அந்தப் பக்கம் வந்துட்டு, மூச்சு எம்மேல படுது. சுட்டுட்டா.

சுட்டுட்டு அவ உக்காந்து அழுதா பாருங்க, எனக்கு எரிச்சலா வந்துச்சு. சாகத் தெரிஞ்சது நான். எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்ல. அந்த அமெரிக்கக் கெழவி மாதிரி இந்த ட்ரிப்புலயும் நாலு பேரு இருந்தாவ, அவியளும் கரடிக்குத்தான் அழுதாவ.

ஹெலிகாப்டர்ல ஆபீசருக ரெண்டு பேரும் மிருக டாக்டரும் வந்தாவ. அங்க ஒரு கரடியைச் சுட்டா, மனுசனைச் சுட்டாப்புல விசாரணை. டாக்டரு அங்கனயே வயித்தைக் கீறிப் பாத்தாரு. உள்ள கொஞ்சம் கடப்பாசி. வேற ஒண்ணுமே கெடையாது. நான் துள்ளிக் குதிக்காத குறைதான். பாத்தியளா, ஒரு மீன் முள்ளாவது இருக்கா? நான் தீனி போட்டேன்னு எவனாவது சொல்ல முடியுமா? வக்கீலுகிட்ட இதைத்தான் முதல்ல சொல்லணும்னு வச்சிருக்கேன்.

டாக்டரு மடியைத் தொட்டுப் பாத்துட்டு இங்க்ரிட்டைப் பாத்தாரு. பால் இருந்துச்சாம், கொஞ்சமா. உடனே எல்லாரும் மலையைப் பாத்தாவ. சரிவுல, கல்லோட கல்லா குட்டி உக்காந்திருக்கு. கிட்டப் போனா மேல ஏறி ஓடுது. மயக்க ஊசிக்கு எட்டல. ஹெலிகாப்டரைக் கெளப்புனா பயந்துபோய்ப் பாறை இடுக்குல ஒளிஞ்சிக்கிடுது. பசியில தானாக் கீழ இறங்கி வந்தாப் பிடிச்சுரலாம், எங்கயாவது கொண்டுபோய் வளக்க வழி பாக்கலாம், இல்லன்னா ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காதுன்னு டாக்டரு சொன்னாரு.

இங்க்ரிட்டு எங்கிட்ட வந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. 'தொபியாஸ், உங்கிட்ட அந்த மீன் இருக்குல்லா. கொண்டுவந்து இங்கன வச்சுப் பொரி. அந்த வாசம் அதுக்குத் தெரியும். கட்டாயம் வரும்'னா. ப்ளீஸுன்னா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு தடவை ப்ளீஸுன்னா. ஒரு துண்டு நீட்டுனப்போ தொடாதவ.

கெஞ்சும்போது எனக்கும் மனசு எளகத்தான் செஞ்சுது, கல்லு இல்லல்லா நான். ஆனா ஆபீசருக ரெண்டு பேரும் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்காவ. நான் சட்டியை வச்சு, குட்டி குடுகுடுன்னு இறங்கி வந்துட்டுன்னா, அதை விட என்ன சாட்சி வேணும்? இத்தனை நாளும் கூப்பிட்டவன் இவன்தான்னு அந்தக் குட்டியே காட்டிக் குடுத்துருமே. மென்டோன்சா சாரு படகுப் பக்கம் நின்னுக்கிட்டு லேசாத் தலையை ஆட்டுனாரு. 'எந்த மீனு மேடம்? எங்கிட்ட மீனே கெடையாது'ன்னேன். அவ என் ஜாக்கெட்டைப் பிடிச்சு மூக்குகிட்டக் கொண்டுபோனா. பொறவு விட்டுட்டா.

மூடுபனி கூடிட்டு. ஹெலிகாப்டரு நின்னா மாட்டிக்கிடும்னு தாய்க்கரடியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாவ, மூடுபனி விலகுனதும் வாரோம்னுட்டு. கப்பலையும் துறைமுகத்துக்கு வரச் சொல்லிட்டாவ. அங்க என்ன நடந்துச்சுங்கியளா? மென்டோன்சா சாரு, 'கிச்சன் ஆளு எங்களுக்குத் தெரியாம என்னத்தையோ பொரிச்சிருக்கான்'னு எழுதிக் குடுத்துட்டாரு. தோள்ல கை போட்ட மனுசன். தொப்பியைப் பிடுங்கிட்டு விமானம் ஏத்தி விட்டானுவ. தெரசாள்ட்ட லீவுன்னு சொல்லியிருக்கேன். எந்த ஏஜென்டும் போனை எடுக்க மாட்டேங்கான். அதுக்குத்தான் வக்கீலு. நான் என்ன தம்பி, ஒரு கரடியைக் கையால தொட்டிருப்பனா?

ஒண்ணு மட்டும் வக்கீலுகிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க யாரோ, நான் யாரோ, இறங்குனா மறந்துருவிய, அதனால சொல்லுதேன். கப்பலு நங்கூரம் எடுத்ததும் மென்டோன்சா சாரு கிச்சனுக்கு வந்து, 'துறைமுகத்துல ரூம் ரூமாச் சோதிப்பாவ, அந்த டின்னை ஒழிச்சிரு'ன்னாரு. கடல்ல போட்டா மிதக்கும். பின்பக்கம் குப்பை எரிக்க பெரிய அடுப்பு இருக்குல்லா, மிச்சமிருந்த கருவாடு அம்புட்டையும் அதுல கொட்டிட்டேன். எல்லாம் ஒரே நேரத்துல எரிஞ்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. புகை குழாய் வழியாப் போயி, அந்தக் குடா முழுக்க அதே மணம். எங்க தெருவுல நிக்காப்புல இருந்துச்சு.

டின்னைக் கழுவிட்டு நிமிந்து பாக்கேன், மூடுபனி கொஞ்சம் விலகியிருக்கு, சரிவுல குட்டியைக் காணும். கீழ, தாயி விழுந்து கெடந்த இடத்துல நிக்குது. அந்த ரத்தத்தை மோந்துச்சு. பொறவு தலையைத் தூக்கிக் கப்பலைப் பாத்துச்சு. தண்ணியில இறங்கிட்டு.

வேகமா நீந்த அதுக்கு எங்க தெம்பு இருக்கு, ஆனாலும் வருது. கப்பலு குடாவைத் தாண்டி வெளிக் கடலுக்குள்ள திரும்புது, அது பின்னாலயே வருது. ஏறிப் படுத்துக்க முதுகும் இல்ல. எல்லாரும் உள்ள ஹால்ல இருக்காவ, பின்பக்கம் நான் ஒருத்தன்தான். நாலு அடி நடந்து ஒரு குரல் குடுத்தாப் போதும், இங்க்ரிட்டு கப்பலை நிறுத்தியிருப்பா. நிறுத்துனா, குட்டி எதுக்கு நம்ம பின்னால வருதுன்னு கேப்பாவல்லா. அந்தச் சின்னத் தலை ஒரு தடவை முங்கி மேல வந்துச்சு. நான் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன்.